ஹேசல் டிக்கன்ஸுக்கு அரை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நாட்டுப்புற இசையைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். அப்பலாச்சிய மலைப்பகுதியின் பாடல்களுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கியது மனநிறைவு தந்தது. பில் மன்றோவின் மண்டலினைப் பற்றியும் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோவைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருந்த பகுதிகள் அவ்விசையில் தோய்ந்த ஒருவரின் எழுத்தாகவே இருந்தன. ஆனால் ஹேசல் டிக்கன்ஸ் என்ற பெயர் அக்கட்டுரையில் ஒரே ஒரு முறை, அதுவும் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து போராட்ட மேடைகளில் பாடியவர் என்ற அரை வரிக் குறிப்பாக மட்டும் இடம்பெற்றிருந்தது. அந்த அரை வரியில் ஒரு தகவல் பிழையும், அதைவிடப் பெரிய ஒரு விடுபடுதலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஹேசலின் தந்தை எச். என். டிக்கன்ஸ் நிலக்கரி வெட்டிப் பிழைத்தவர் அல்லர். சுரங்கத்தின் கூரை சரியாமல் முட்டுக் கொடுப்பதற்கான மரங்களை லாரியில் ஏற்றிச் சென்று கொடுப்பது அவருடைய தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையின் போதகர். நிலத்துக்கடியில் இறங்கியவர்கள் ஹேசலின் அண்ணன்மாரும் அக்காள்களின் கணவன்மாரும். இது அற்பமான திருத்தம் என்று தோன்றலாம். ஆனால் அவருடைய பாடல்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவுகிறது. சுரங்கத்துக்குள் போனவரின் பார்வையில் அவர் எழுதவில்லை. போனவர்கள் இருமிக்கொண்டு திரும்பி வந்ததை வீட்டுக்குள் இருந்து கண்டவரின் பார்வையில், உடன்பிறந்தவளின் பார்வையில் எழுதினார். அவருடைய சொற்களுக்கு அந்த அழுத்தம் வந்தது அங்கிருந்துதான் என்று நான் கருதுகிறேன்.

விடுபடுதல் என்று நான் சொல்வது இதை: டிக்கன்ஸ் பாடினார் என்பதைக் கட்டுரை சொல்கிறது, அவர் பாடியவற்றுள் சிறந்தவை அவரே இயற்றியவை என்பதைச் சொல்லவில்லை. போராட்டக் குரல் என்ற பட்டம் மரியாதைக்குரியதுதான். ஆயினும் அந்தப் பட்டத்தைச் சூட்டியவுடன், ஒருவர் தம் பாட்டை எப்படிக் கட்டினார், யாருடைய வாயில் எந்தச் சொல்லை வைத்தார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போகிறது. மன்றோவை இசைக்கலைஞராக ஆராய்கிற நாம் டிக்கன்ஸை மட்டும் ஒரு வர்க்கத்தின் துயரச் சின்னமாகப் பார்த்துவிட்டு நகர்வது நியாயமாகாது.

வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு மூலையில் மெர்சர் மாவட்டத்தில் உள்ள மாண்ட்கம் என்ற சிற்றூரில், பதினொரு பிள்ளைகளுள் எட்டாவதாக ஹேசல் பிறந்தார். அவருடைய தந்தை பாஞ்சோ வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் அவர் போதித்த சபையில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் வழிபாட்டில் பக்கவாத்தியம் எதுவுமின்றி வெறும் தொண்டையால், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நெளித்துப் பாடுவார்கள். வீட்டு வானொலியில் நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சி ஒலிக்கும். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் ஹேசலின் இசைப் பள்ளி. பிற கல்வி அவருக்குக் கொஞ்சமே கிடைத்தது. பயிற்சி பெற்ற இனிய குரல்களுக்குப் பழகிய காதுக்கு அவருடைய குரல் முதலில் கரடுமுரடாகப் படும். உச்சிக்குப் போகும்போது அது உடைவதுபோல் தோன்றும், ஆனால் உடையாது. அப்படி விளிம்பில் நின்று பாடுவதை அவர் ஒரு குறையாக எண்ணி மறைக்க முயன்றதே இல்லை. சபையில் பாடியவர்கள் அப்படித்தான் பாடினார்கள்.

1950களின் தொடக்கத்தில், அப்பலாச்சியாவிலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட ஆயிரமாயிரம் குடும்பங்களைப் போலவே, டிக்கன்ஸ் குடும்பத்தில் பலர் பால்டிமோர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர். ஹேசலும் அங்கே ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்த்தார். மலைநாட்டுப் பேச்சு வழக்குக்காகவே இழிவாகப் பார்க்கப்பட்ட மக்கள் அவர்கள். அந்நகரத்தில் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பு ஒன்று, காசநோய் மருத்துவமனை ஒன்றின் வழியாக நேர்ந்தது. போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராததால் ராணுவச் சேவைக்கு மாற்றாகப் பொதுப்பணி செய்யும்படி விதிக்கப்பட்ட மைக் சீகர் என்ற இளைஞர், பால்டிமோருக்கு அருகிலிருந்த மவுண்ட் வில்சன் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கே நோயாளியாக இருந்தவர் ஹேசலின் அண்ணன் ராபர்ட். இசைப் பித்து இருவரையும் நண்பர்களாக்க, அந்த நட்பின் வழியே சீகர் டிக்கன்ஸ் வீட்டுக்கு வந்தார். புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்கு ஒரே தந்தைக்கும் வேறு தாய்க்கும் பிறந்த தம்பியும் பிற்காலத்தில் நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான அவர், மலைநாட்டுப் பாடல்களை ஏடுகளிலும் இசைத்தட்டுகளிலும் தேடிக்கொண்டிருந்தவர். அந்தப் பாடல்களை இரத்தத்தில் கொண்டிருந்த ஒரு குடும்பத்தை அவர் பால்டிமோரின் தொழிலாளர் குடியிருப்பில் கண்டார். நகரத்துப் படித்தவர்கள் தம் ஊர்ப் பாட்டை மதிக்கிறார்கள் என்பது ஹேசலுக்கு அன்று பெரும் வியப்பாக இருந்திருக்க வேண்டும். தம்மைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை என்ற தெளிவு அவருக்கு இக்காலத்தில்தான் பிறந்தது.

அந்த ஆண்டுகளில் அவர் பால்டிமோர் மதுக்கூடங்களில் பாடிய குழுக்களில் பேஸ் என்ற தாழ்சுர நரம்புக்கருவியை வாசித்தார், பாடினார். அங்கே ஆண்கள் நடந்துகொண்ட விதத்தையும், மேடையில் நின்ற பெண்ணும் மேசையருகே தனியே அமர்ந்திருந்த பெண்ணும் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதையும் அவர் கூர்ந்து கவனித்தார். பின்னாளில் அவர் எழுதிய பாடல்களுள் பாதிக்கு விதை அங்கே விழுந்தது.

பாஞ்சோ, மண்டலின், பிடில் முதலிய நரம்புக்கருவிகளோடு வேகமாகவும் உச்சக் குரலிலும் பாடப்படும் ப்ளூகிராஸ் இசை அன்று ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் கோட்டையாக இருந்தது. கென்டக்கிக்காரரான பில் மன்றோவின் குழுவில் 1945ஆம் ஆண்டு லெஸ்டர் ஃபிளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் சேர்ந்தபோது அவ்விசைக்கு இன்று நாம் அறியும் வடிவம் கிடைத்தது என்பதைத் தங்கள் கட்டுரையாளரே விளக்கியிருந்தார். மன்றோவின் குழுவில் சாலி ஆன் ஃபாரஸ்டர் அக்கார்டியன் வாசித்திருக்கிறார். பெஸ்ஸி லீ மால்டின் பல ஆண்டுகள் பேஸ் வாசித்திருக்கிறார். ஆயினும் குழுவைத் தலைமை தாங்கி, முன்குரலையும் மேல்குரலையும் பெண்களே பாடி, பாட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே இயற்றி வெளியிடும் வழக்கம் அங்கே காண்பதற்கு அரிது. அதைச் செய்து காட்டியவர்கள் ஹேசல் டிக்கன்ஸும் ஆலிஸ் ஜெரார்டும்.

ஆலிஸ், சியாட்டிலில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். ஒஹாயோ மாநிலத்து ஆண்டியாக் கல்லூரியில் படித்தபோது மலைநாட்டு இசைக்கு அடிமையாகி வாஷிங்டன் பகுதிக்கு வந்தவர். 1950களின் பிற்பகுதியில் சந்தித்த இவ்விரு பெண்களுக்கும் பிறப்பிலும் படிப்பிலும் பொதுவாக எதுவும் இல்லை. வீட்டுக்கூடங்களில் கூடிப் பாடியபோது குரல்கள் மட்டும் பொருந்தின. ஆலிஸின் அடங்கிய முன்குரலுக்கு மேலே ஹேசல் தம் கூரிய மேல்குரலை வைப்பார். ஃபோக்வேஸ் நிறுவனம் 1965இல் வெளியிட்ட அவர்களுடைய முதல் இசைத்தட்டான 'ஹூஸ் தட் நாக்கிங்'கில், மன்றோவின் புகழ்பெற்ற பழைய குழுவில் பிடில் வாசித்த சப்பி வைஸும், பாஞ்சோவில் லமார் கிரியரும், அப்போது இளைஞராக இருந்த டேவிட் கிரிஸ்மன் மண்டலினிலும் துணை நின்றார்கள். பெண்களுக்காக இசையை மென்மையாக்கித் தணித்துக் கொடுக்கும் வேலையே அதில் இல்லை. ஆண்கள் பாடிய அதே வேகத்தில், அதே உச்சத்தில் இருவரும் பாடினார்கள்.

1960களின் பிற்பகுதியில், சமூக உரிமைச் செயற்பாட்டாளர்களான ஆன் ரொமெய்னும் பெர்னிஸ் ஜான்சன் ரீகனும் ஒழுங்கு செய்த இசைப் பயணங்களில் அவர்கள் கலந்துகொண்டு தென்மாநிலங்களில் பாடினார்கள். கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒரே மேடையில் ஏறுவதே சவாலாக இருந்த காலத்தில் அப்பயணங்கள் நடைபெற்றன. அதன்பின் 1973இல் ரவுண்டர் நிறுவனம் 'ஹேசல் அண்ட் ஆலிஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. இருவரின் சொந்தப் பாடல்கள் முன்னுக்கு வந்த தொகுப்பு அதுவே. இன்று கேட்டாலும் எனக்கு அவர்களுடைய தொகுப்புகளில் அதுதான் முதலிடம். 1976இல் இன்னொரு தொகுப்பு வந்தது. அவ்வாண்டிலேயே இருவரும் தனித்தனி வழியில் பிரிந்தார்கள்.

இனி அவருடைய பாடலாக்கத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

'பிளாக் லங்' (கருநுரையீரல்) என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். நிலக்கரித் தூசு ஆண்டுக்கணக்காக நுரையீரலில் படிந்து, திசுக்கள் தழும்பேறி இறுகி, படுத்தாலும் எழுந்தாலும் மூச்சு முட்டும் நோய் அது, குணமாவதில்லை. ஹேசலின் மூத்த அண்ணன் தர்மன் அந்த நோயால் வறுமையில் இறந்தார். அந்தச் சாவிலிருந்து எழுந்த பாடல் இது. பக்கவாத்தியம் ஏதுமின்றி, தம் தந்தையின் சபையில் கேட்ட முறையிலேயே ஹேசல் இதைப் பாடினார். தொடக்கத்தில் ஒரு மூன்றாம் மனிதரின் குரலில் பாட்டு அவனை அறிமுகப்படுத்துகிறது: சுரங்கத்தை அவன் காதலித்தான், சுரங்கம் அவனுக்கு ஒருநாளும் நட்பாக இருந்ததில்லை. அடுத்து, யாரும் எதிர்பாராத இடத்தில், சாகப்போகிறவனே வாய் திறக்கிறான். அவன் பேசுவது முதலாளியிடமும் அன்று, கேட்பவரிடமும் அன்று. தன்னைத் தின்னும் நோயிடம் பேசுகிறான். நீ உன் நேரம் பார்த்துக் காத்திருக்கிறாய் என்கிறான். என் உயிரைக் கொண்டுபோக இப்படியொரு பேயை அனுப்பிய கடவுள் மனத்தில் என்னதான் நினைத்தாரோ என்று வியக்கிறான். ஒரு போதகரின் மகள் எழுதிய வரி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு பாட்டு மீண்டும் வெளியே வருகிறது. அவன் முதலாளியிடம் போனபோது கதவு சாத்தப்பட்டது. நோயும் வறுமையும் சேர்ந்துவிட்டால் அந்த மனிதன் யாருக்கும் வேண்டாதவன் ஆகிறான். மருத்துவ உதவித் திட்டத்திலும் அவனுக்கு இடமில்லை. எல்லோரும் அவனைத் திருப்பி அனுப்பிவிட்ட பின் அவனை ஏற்றுக்கொண்டது அந்த நோய் ஒன்றுதான் என்ற கருத்து அங்கே வருகிறது. இத்தனை கசப்பை இத்தனை சுருக்கமாகச் சொன்ன பாடலாசிரியர்கள் எந்த மொழியிலும் சிலரே இருப்பார்கள். முடிவில் அவன் தன் உழைப்பால் தோண்டியது தன் குழியைத்தான் என்றறிந்து புதைக்கப்படும்போது, அந்த முதலாளி கையில் ஒரு சிறு பூங்கொத்தோடு இடுகாட்டுக்கு வருகிறார். பாட்டு அவரை வைவதில்லை. கடவுளே, எவ்வளவு வெட்கக்கேடு என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அந்தப் பூக்களைத் திரும்ப எடுத்துக்கொள், ஒரு நல்ல மனிதன் போய்விட்டான் என்று முடிந்துவிடுகிறது. வசைபாட நூறு காரணம் இருந்தும், அந்தப் பூங்கொத்தைக் காட்டினாலே போதும் என்று அறிந்திருந்தாரே, அதை நான் கலைத்திறன் என்கிறேன். மேடையில் உணர்ச்சிப் பெருக்கில் தானாக வந்துவிடும் வரிகள் அல்ல இவை.

அந்தப் பாட்டுக்கு ஒரு காலச் சூழலும் உண்டு. 1968 நவம்பர் 20 அதிகாலையில் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் ஊருக்கு அருகில் கன்சாலிடேஷன் நிலக்கரி நிறுவனத்தின் 9ஆம் எண் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்த 99 பேரில் 21 பேர் தப்பி வெளியேறினர்; 78 பேர் மாண்டனர். தீயை அடக்குவதற்காக, உள்ளே மனிதர்கள் இருக்கவே, பத்தே நாளில் சுரங்கத்தின் வாயை அடைத்தார்கள்; 19 பேரின் உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை. 1969 பிப்ரவரியில் அம்மாநிலச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 40,000 பேர் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய, மார்ச் மாதத்தில் மாநிலச் சட்டமும், அந்த ஆண்டின் முடிவில் சுரங்கத் தூசுக்கு வரம்பு விதித்த நடுவண் அரசின் சட்டமும் வந்தன.

அந்த வெடிவிபத்தைப் பற்றி ஹேசல் எழுதிய 'மேனிங்டன் மைன் டிசாஸ்டர்' பாடலிலும் அவருடைய கட்டமைப்பு கவனத்துக்குரியது. விபத்துப் பாடல்கள் மலைநாட்டில் பழைய வகை. தேதி, இடம், இறந்தோர் எண்ணிக்கை, கடைசியில் மறுமையில் சந்திப்போம் என்ற ஆறுதல் என்று அவற்றுக்கு ஒரு வாய்பாடே உண்டு. ஹேசல் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆறுதலை நீக்கிவிட்டார். அவருடைய பாடலில் கேட்பது மகனுக்கு அறிவுரை சொல்லும் ஒரு தாயின் குரல். பிள்ளைகளைச் சுரங்கத் தொழிலுக்கே வளர்க்கும்படியும், இக்காலச் சுரங்கங்கள் பாதுகாப்பானவை என்று அவர்களுக்குச் சொல்லும்படியும் செய்தித்தாளும் வானொலியும் சொல்கின்றனவே, அவற்றை நம்பாதே, உன் அப்பன் செத்தது பாதுகாப்பு இல்லாததால்தான் என்கிறாள் அந்தத் தாய். விதியும் இறைவன் சித்தமும் இருந்த இடத்தில் ஒரு காரணம் வந்து உட்காருகிறது.

நிறுவனங்களை மட்டுமே அவர் கேள்வி கேட்டார் என்றும் எண்ண வேண்டாம். ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டோனி பாயிலை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜாக் யப்லான்ஸ்கி, 1969 டிசம்பர் 31 அன்று பென்சில்வேனியாவில் தம் வீட்டிலேயே மனைவியோடும் மகளோடும் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு ஏற்பாடு செய்த குற்றத்துக்காகப் பாயில் பின்னர் தண்டிக்கப்பட்டார். தொழிற்சங்கத்தை உயிராக மதித்த ஹேசல், அந்தச் சங்கத்தின் தலைமையில் நுழைந்திருந்த அழுகலைப் பற்றிப் பாட்டு எழுதினார். மேடைக்கு ஏற்றபடி பாடித் தருபவராக அவர் இருந்திருந்தால் அப்பாட்டு பிறந்திருக்காது.

டென்னசி மாநிலத்தில் சமூகப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் மையத்தில் 1972இல் சுரங்கப்பகுதிப் பாடகர்களின் கூடுகை ஒன்று நடந்தது. நிம்ராட் வொர்க்மன், சேரா ஓகன் கன்னிங் ஆகிய முதியவர்களோடு ஹேசலும் அதில் பாடினார். அந்தப் பதிவுகள் மறு ஆண்டில் இசைத்தட்டாக வந்தன. அதற்குப் பின் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் புரூக்சைடு சுரங்கத்தில் 13 மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தை பார்பரா காப்பிள் ஆவணப்படமாக எடுத்தபோது ஹேசலின் பாடல்கள் அதில் ஒலித்தன. அப்படத்துக்காக அவர் எழுதியது 'தேல் நெவர் கீப் அஸ் டவுன்'. 1976ஆம் ஆண்டின் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. வெளிநாட்டில் பலர் ஹேசலின் குரலை முதன்முதலில் கேட்டது அப்படத்தில்தான். அந்தப் புகழாலேயே, அவர் சுரங்கப் பாடகர் என்ற ஒற்றைச் சொல்லில் அடைபட்டும் போனார். தங்கள் கட்டுரையின் அரை வரியும் அங்கிருந்தே வந்திருக்கக்கூடும்.

அதே காலத்தில் அவர் பெண்களைப் பற்றி எழுதிய பாடல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடைய முழு உருவம் தெரியும். 1973ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள 'டோன்ட் புட் ஹெர் டவுன்' பாடலில் மதுக்கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். நாட்டுப்புற, கன்ட்ரி இசைப் பாடல்களில் அவள் புதியவள் அல்லள். வழி தவறியவளாக, மானம் இழந்தவளாக ஆண்கள் பாடிப் பாடி அலுத்த பாத்திரம் அவள். ஹேசல் அவளைப் பார்த்துப் பாடவில்லை, அவளுக்காக அழவும் இல்லை. அவளை இகழ்ந்து பேசும் ஆண்களின் பக்கம் திரும்புகிறார். அவளை அங்கே கொண்டு நிறுத்தியதில் உங்களுக்கும் பங்குண்டு, ஆகவே அவளைத் தாழ்த்திப் பேசாதீர்கள் என்பதே பாட்டு. ஆண்களின் சொத்தாகக் கருதப்பட்ட ப்ளூகிராஸ் மெட்டில், ஆண்கள் பெருவாரியாக அமர்ந்திருந்த அரங்குகளில் அவர் இதைப் பாடினார்.

கவனித்துப் பார்த்தால், நோயாளித் தொழிலாளியைப் பற்றிய பாட்டும் இந்தப் பாட்டும் ஒரே கேள்வியிலிருந்து எழுந்தவை. ஒரு மனிதர் வீழ்ந்து கிடக்கும் காட்சியை இரண்டுமே காட்டுகின்றன. ஊர் அந்த மனிதரைக் குறை சொல்கிறது அல்லது கைவிடுகிறது. பாட்டு மட்டும் அவரை அங்கே தள்ளியவர் யார் என்று கேட்கிறது. சுரங்கப் பாடல்கள் ஒரு பெட்டியிலும் பெண்ணியப் பாடல்கள் இன்னொரு பெட்டியிலும் என்று பிரித்து வைப்பவர்கள் இந்த ஒருமையைத் தவறவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 'வொர்க்கிங் கேர்ள் ப்ளூஸ்'. திங்கள் முதல் வெள்ளி வரை உழைத்தும் கையில் எதுவும் தங்காத ஒரு பெண், தனக்கு வரவேண்டிய கூலி உயர்வை முதலாளி அவிழ்ப்பதற்குள் தன் தலைமுடியே நரைத்துவிடும் போலிருக்கிறதே என்று பாடுகிறாள். கன்ட்ரி இசையின் முன்னோடி ஜிம்மி ராட்ஜர்ஸ் காலத்திலிருந்து ஊர் சுற்றும் ஆண்களுக்குச் சொந்தமாக இருந்த, குரலைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றி இறக்கும் யோடல் ஓசையை ஹேசல் கடைவேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் தொண்டைக்குக் கொடுத்தார். இசைத்தட்டுகள் வெளியான பின்னரும், நெடுங்காலம், வாஷிங்டன் நகரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துத்தான் அவர் பிழைத்தார் என்பதை இப்பாட்டோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

அவருடைய ஊர் நினைவுப் பாடல்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'வெஸ்ட் வர்ஜீனியா மை ஹோம்' இன்று அம்மாநிலத்தின் கூட்டங்களிலும் விழாக்களிலும் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டது. நள்ளிரவின் அமைதியில் மனம் மட்டும் பறவைபோல் அந்த மலைகளுக்குப் பறந்து போகிறது என்று பாடும்போது அது வெறும் ஏக்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்த மலைகளை விட்டு மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்பதை இவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. தம் அண்ணனைக் கொன்ற அதே மண்ணைத்தான் அவர் வீடு என்று அழைக்கிறார். தாயின் கையை விட்டு விலகி ஊரைவிட்டுக் கிளம்பிய நாளைப் பற்றிய 'மாமாஸ் ஹேண்ட்' என்ற பாட்டை லின் மாரிஸ் குழு பாட, அது 1996இல் பன்னாட்டு ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதைப் பெற்றது. போராட்டப் பாடகர் என்ற அடையாளத்துக்குள் அடங்காத, தொழில்முறைக் கலைஞர்கள் தேடிவந்து பாடிய பாட்டு அது.

1980களில் ரவுண்டர் நிறுவனம் வழியாக அவருடைய தனித் தொகுப்புகள் வெளிவந்தன. 1980இல் 'ஹார்டு ஹிட்டிங் சாங்ஸ் ஃபார் ஹார்டு ஹிட் பீப்பிள்', 1983இல் 'பை த ஸ்வெட் ஆஃப் மை பிரௌ', 1987இல் 'இட்ஸ் ஹார்டு டு டெல் த சிங்கர் ஃப்ரம் த சாங்'. அதே 1987இல் ஜான் செய்ல்ஸ் இயக்கிய 'மேட்வான்' திரைப்படத்தில், 1920ஆம் ஆண்டுச் சுரங்கப் போராட்டத்தைச் சித்திரிக்கும் கதையில், அவரே தோன்றிப் பாடினார். 2001இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் மரபுக் கலைகளுக்கு வழங்கும் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. மிமி பிக்கரிங் எடுத்த ஆவணப்படமும் அவ்வாண்டில் வந்தது. இசை வரலாற்றாசிரியர் பில் சி. மலோனோடு சேர்ந்து அவர் தம் வாழ்க்கையையும் பாடல்களையும் பற்றி உருவாக்கிய நூலை இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2008இல் வெளியிட்டது. தம் பாடல்கள் ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தன என்று அவரே அதில் விளக்கியிருக்கிறார். 2011 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனில் அவர் காலமானார். பன்னாட்டு ப்ளூகிராஸ் இசைச் சங்கம் தன் புகழ்க்கூடத்தில் ஹேசலையும் ஆலிஸையும் சேர்த்தது 2017இல்தான். அந்த இசைக்குள் பெண்களுக்கு வழி திறந்த இருவருக்கு அவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தமே.

போராட்டம் ஓய்ந்தால் போராட்டப் பாட்டும் ஓய்ந்துவிடும் என்ற கருத்தும் கட்டுரையின் இறுதியில் தொனித்தது. இதை நான் ஏற்கவில்லை. ஹேசல் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 2010 ஏப்ரல் 5 அன்று, அவருடைய மாநிலத்திலேயே அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் மாண்டார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் குறைந்து வந்த கருநுரையீரல் நோயும் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. நிலக்கரிப் படிவுகள் மெலிந்துபோனதால் இன்றைய எந்திரங்கள் அவற்றைச் சூழ்ந்த பாறையையும் சேர்த்து அறுக்கின்றன. அப்பாறையிலிருந்து எழும் சிலிக்காத் தூசு நிலக்கரித் தூசைவிடக் கொடியது. 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணிபுரிந்த நடு அப்பலாச்சியச் சுரங்கத் தொழிலாளர்களில் ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக 2018இல் வெளிவந்த அரசு ஆய்வாளர்களின் கட்டுரை தெரிவித்தது. நாற்பது வயதைத் தாண்டாதவர்களுக்கும் அது முற்றிய நிலையில் காணப்படுகிறது. மருத்துவ உதவித் திட்டத்தில் இடம் கிடைக்காமல் கதவு சாத்தப்பட்டவனைப் பற்றிய பாட்டு, இந்த நிலையில், பழங்காலத்து ஆவணமாக எப்படிச் சுருங்கும்? ஒருவேளை அந்நோய் அடியோடு ஒழிந்தாலும் அந்தப் பூங்கொத்தும் அந்த இடுகாடும் பாட்டாக நிற்கும் என்றே நான் நம்புகிறேன். நன்றாகக் கட்டப்பட்ட பாட்டு அது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தந்தையின் தொழில் குறித்த பிழையைத் தாங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டும். அமெரிக்க நாட்டுப்புற இசை பற்றிய தொடர் மேலும் வருவதாக அறிவித்திருப்பதால், அதில் ஹேசல் டிக்கன்ஸுக்கும் ஆலிஸ் ஜெரார்டுக்கும் பாடலாசிரியர்கள் என்ற முறையில் தனிக் கட்டுரை ஒன்றை ஒதுக்க வேண்டும். ஆலிஸைப் பற்றி நான் இங்கே மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறேன்; 1973ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆணின் விருப்பத்துக்கேற்பத் தன்னைச் செதுக்கிக்கொண்டு ஏமாந்த பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பாட்டும், 1987இல் அவர் தொடங்கிய பழைய இசைக்கான இதழும் விரிவாகப் பேசப்பட வேண்டியவை. கட்டுரையாளர் அதை எழுத முன்வந்தால், அந்த 1973ஆம் ஆண்டுத் தொகுப்பையும், அதே ஆண்டில் வந்த ஹைலாண்டர் கூடுகைப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத் தொடங்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி